டைமிங் லைட் தொங்கிய இடம்

அன்று போயா, பௌர்ணமி விடுமுறை. பகல் பன்னிரண்டு மணி இருக்கும். பேராதனையில் ஒருவருடைய வேனுக்கு கிளட்ச் கேபிள் மாற்றிக் கொடுத்துவிட்டு, விரலிடுக்கில் கிரீஸோடு கட்டுகஸ்தோட்டை வீட்டுக்கு வந்தேன். வாசல் கதவு அகலத் திறந்து கிடந்தது. உள்ளேயிருந்து சோறு அடிப்பிடித்த வாடை வந்தது.

என் மனைவி பாக்கியம் முன் அறையின் சிமெந்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி என் ஸ்பேனர்கள் சிதறிக் கிடந்தன. பத்து, பன்னிரண்டு, பதினாலு, பதினேழு. நான் முதலில் பார்த்தது அவள் முகத்தை இல்லை, ஸ்பேனர்களைத்தான். இதை எழுத இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

"யாரு என் சாமான்ல கை வச்சது?" என்று கத்தினேன்.

அவள் சுவரைக் காட்டினாள். சாமான் மாட்டுகிற பலகையைக் காணோம். நான்கு ஆணித் துவாரங்களும், சுண்ணாம்பு படாத ஒரு பெரிய சதுரமும் மட்டும் இருந்தன.

"பலகைய கழட்டிக்கிட்டுப் போயிட்டாங்க," என்றாள். "சிவாவையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க."

சிவா என்கிற சிவலிங்கம் அவளுடைய தம்பி. இருபத்து மூன்று வயது. புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து ஆறு மாதமாக எங்களோடு தங்கி, கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தான். போயா என்பதால் கடை பூட்டு, அவன் வீட்டில் இருந்தான். குறட்டுக்கும் ஸ்பேனருக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளை.

"யாரு வந்தது? ஏன் கூட்டிட்டுப் போனாங்க?"

"பொலிஸும் ஆமியும். தெரு முழுக்க வீடு வீடாப் பாத்துக்கிட்டு வந்தாங்க. இங்க வந்து, துவக்கு எங்கேன்னு கேட்டாங்க."

"எந்தத் துவக்கு?"

"பலகையில இருந்த துவக்கு."

எங்கள் வீட்டில் துப்பாக்கி ஏது? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அப்படியே அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தத் துவக்கை வரைந்தவன் நான்தான்.

வீட்டில் எதற்கு?

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகர், "நாள் முழுக்க கராஜில் ஸ்பேனர் பிடிக்கிற ஆள் வீட்டிலும் எதற்கு ஒரு செட் வைத்திருக்கிறார்?" என்று எழுதிக் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பாக்கியம் கல்யாணமான நாளிலிருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நான் ஆசைக்கு வாங்கவில்லை ஐயா. பெரிய கலவரம் வந்த அந்த ஆடி மாதத்தில், நான் வேலை செய்த கராஜை எரித்தார்கள். முதலாளி தமிழர், அது போதுமாக இருந்தது. உள்ளே என் பெட்டி இருந்தது. தொழில் பழகிய நாளிலிருந்து ஒன்றொன்றாகச் சேர்த்த பெட்டி.

ஊர் அடங்கியபின் போய்ச் சாம்பலைக் கிண்டினேன். ஸ்பேனர்கள் எல்லாம் இருந்தன, நீலம் பாரித்துப்போய். சந்தோஷப்பட்டேன். பதினேழை எடுத்துத் துடைத்து ஒரு நட்டில் போட்டு அழுத்தினேன். வாய் விரிந்துவிட்டது. நெருப்பில் வெந்த இரும்புக்கு உரம் போய்விடும் என்று தெரிந்த மனிதன்தான் நான். தெரிந்தும், ஒவ்வொன்றாக எடுத்து, பெட்டி முடியும்வரை போட்டுப் பார்த்தேன்.

அதன்பிறகு முடிவு செய்தேன். கராஜுக்கு அன்றைய வேலைக்குத் தேவையானது மட்டும் போகும். நல்ல சாமான் எல்லாம் வீட்டில், என் கண் முன்னால் இருக்கும். வீட்டையும் எரிப்பார்களே என்று நீங்கள் கேட்கலாம். பாக்கியமும் கேட்டாள். அதற்கு அவளோடு சண்டை பிடித்தேன்.

வீட்டு செட் சேர்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பளபளவென்று பெட்டியோடு விற்கிற செட்டை வாங்குகிறவன் மெக்கானிக் இல்லை, மாப்பிள்ளை. அதில் பாதி அளவுகள் வாழ்நாளில் ஒரு முறைகூடத் தேவைப்படாது. ஜப்பான் வண்டிக்கு பத்து, பன்னிரண்டு, பதினாலு, பதினேழு, பத்தொன்பது போதும். அவையும் முதலில் ரிங் ஸ்பேனராக இருக்க வேண்டும்.

பழைய இங்கிலீஷ் கார்களுக்கு அங்குலக் கணக்கு. அதற்குப் பழைய இரும்புக் கடைகளில் நாய் மாதிரி அலைய வேண்டும். எடுத்த ஸ்பேனரைச் சிமெந்தில் போட்டு ஓசை கேட்க வேண்டும். மணி மாதிரிக் கேட்டால் வாங்கலாம், மொட்டையாகக் கேட்டால் வைத்துவிட்டு வர வேண்டும். சுத்தியலைப் பிடியோடு வாங்கவே கூடாது. தலையை மட்டும் வாங்கி, கொய்யாக் கம்பு வெட்டி நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

இப்படி எட்டொன்பது வருடம் போனது. ஒரு சாமானைக் கொண்டுவந்து வைக்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ ஒன்று அடங்கும். குடிக்கிறவனுக்கு அப்படி இருக்கும் என்று சொல்வார்கள்.

தேயிலைப் பெட்டிப் பலகை

என் அப்பா புசல்லாவையில் ஒரு தேயிலை ஸ்டோரில் என்ஜின் அறையில் வேலை செய்தவர். ஸ்டோர் என்றால் எங்களுக்குக் கடை இல்லை, தேயிலை அரைக்கிற தொழிற்சாலை. அந்த அறையில் வெள்ளைக்காரத் துரை காலத்துப் பலகை ஒன்று உண்டு. ஒவ்வொரு சாமானும் தொங்கும் இடத்தில் அதன் உருவத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் கோடு இழுத்திருக்கும். சாமானை எடுத்தால் உருவம் மட்டும் நிற்கும். துரை வாசலில் நின்று ஒரு பார்வை பார்ப்பார், எது இல்லை என்று தெரிந்துவிடும். பிறகு அப்பாவின் பாடு திண்டாட்டம்.

அதே மாதிரி வீட்டில் செய்தேன். தேயிலைப் பெட்டிப் பலகைகளைச் சேர்த்து அடித்து, வெள்ளை பூசி, சாமான்களை வைத்துத் தச்சன் பென்சிலால் சுற்றி வரைந்தேன். அதன்மேல் சிவப்பு. ஒரு நூல்கூட விலகாது. பார்க்க வருகிறவர்களிடம் பெருமையாகக் காட்டுவேன். மாட்டிய சாமானைவிட அந்தக் கோடுகள் எனக்குப் பெருமை.

கடைசியாக வந்த சாமான்தான் டைமிங் லைட். பெட்ரோல் என்ஜினில் பிளக் எந்த நேரத்தில் பொறி தட்டுகிறது என்று பார்க்கிற விளக்கு அது. வயரை பிளக் கம்பியில் கவ்வவிட்டு, விசையை அழுத்தி வெளிச்சத்தைக் காட்டினால், வேகமாகச் சுற்றுகிற சக்கரம் அசையாமல் நிற்பது போலத் தெரியும். சக்கரத்திலுள்ள அடையாளக் கோட்டை அப்போது வாசிக்கலாம். முதல்முறை பார்த்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது.

அதைத் தந்தவர் பேராதனையில் வாடகைக்கு இருந்த ஒரு யாழ்ப்பாணத்து இஞ்சினியர். குடும்பத்தோடு வெளிநாடு போவதற்கு வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். கார் பார்க்கப் போன என் கையில் அதைத் திணித்தார்.

"நீங்கள் வைச்சிருங்கோ ராமையா. எனக்கு இனி என்னத்துக்கு?"

"நல்ல சாமானுங்க ஐயா. அங்க போய் வேணும்னு தேடுவீங்க."

"ஓம், தேடுவன்தான். எதையெண்டு தேடுறது," என்று சொல்லிவிட்டுப் புத்தகப் பெட்டியைக் கட்டப் போய்விட்டார்.

பழைய காலத்து லைட். உடம்பு முழுக்க இரும்பு. கீழே கைப்பிடி, விரல் வைக்கிற இடத்தில் விசை, அதைச் சுற்றி ஒரு வளையம், முன்னால் நீண்ட குழல். அதன் நுனியில் கண்ணாடி. பலகையில் வைத்துச் சுற்றி வரைந்தேன். வயர் தொங்கும்போது ஆடும் என்பதால் வயரை வரையவில்லை. சிவப்பு மை பூசிவிட்டு நான்கு அடி தள்ளி நின்று பார்த்தேன். அழகாக இருந்தது. ஒன்றுமே தோன்றவில்லை ஐயா. தொழில் கண்ணுக்கு அது லைட்டாக மட்டும்தான் தெரிந்தது.

துண்டு எழுதாத நாள்

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. யாராவது சாமான் இரவல் கேட்டால், அவர் பெயரை ஒரு அட்டைத் துண்டில் எழுதி அந்த ஆணியில் மாட்டிவிடுவேன். என் தம்பிக்கும் அப்படித்தான், முதலாளிக்கும் அப்படித்தான். இதனால் எனக்குக் கஞ்சன் என்றும் பெயர் உண்டு.

போயாவுக்கு முந்தின வாரம் விமலசேன வந்தான். கடுகண்ணாவையில் தெருவோரமாகச் சின்ன கராஜ் வைத்திருக்கிறவன். சிங்களவன், எரிந்துபோன கராஜில் என்னோடு ஒன்றாக வேலை செய்தவன். கலவர நாளில் என்னைத் தன் மாமியார் வீட்டில் நான்கு நாள் ஒளித்து வைத்திருந்து சோறு போட்டவன். டைமிங் லைட்டைக் கேட்டான். அட்டையையும் பேனாவையும் கையில் எடுத்தேன். பிறகு கூச்சமாகிவிட்டது. இவனுக்கா துண்டு எழுதுவது? அட்டையை வைத்துவிட்டு லைட்டைக் கொடுத்தேன். ஆணி வெறுமையாக நின்றது.

ஊரில் குண்டு வெடித்துப் பதற்றமாக இருந்த நாட்கள் அவை. பாக்கியம் சொன்னதை வைத்து நடந்ததைச் சொல்கிறேன். வந்தவர்களில் ஒருவர் அந்தச் சிவப்பு உருவத்தைப் பார்த்து, மற்றவர்களைக் கூப்பிட்டார். வீட்டில் துவக்கு மாட்டுவதற்கு இடம் வரைந்து வைத்திருக்கிறார்கள், துவக்கு மட்டும் இல்லை. பாக்கியம் தனக்குத் தெரிந்த சிங்களத்தில், "அது லைட்டு" என்றாள். அவர்கள் சிரித்தார்களாம். சிவாவைக் கேட்டார்கள். "எனக்குத் தெரியாது" என்றான். உண்மையிலேயே அவனுக்குத் தெரியாது. அவன் அந்தப் பலகையை ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்தவன் இல்லை.

பொலிஸ் ஜீப்பின் மெக்கானிக்

பின்னேரம் பொலிஸுக்குப் போனேன். அங்கே எனக்கு ஒரு மரியாதை இருந்தது. அவர்களுடைய ஜீப்புக்கு வேலை வந்தால் எங்கள் கராஜுக்குத்தான் வரும், நான்தான் கை வைப்பேன். பொறுப்பதிகாரி கதிரை தந்து உட்கார வைத்தார். பலகை அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் சாத்தியிருந்தது. என் வீட்டில் லைட்டாகத் தெரிந்தது அங்கே எனக்கே துவக்காகத் தெரிந்தது.

எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அவர் பேசியது சிங்களத்தில், நான் தமிழில் எழுதுகிறேன். மெக்கானிக்கை அவர்கள் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பாஸ், எத்தனை தரம் என் ஜீப்பைச் செய்திருக்கிறீர்? இப்படி ஒரு லைட்டை நான் உம் கையில் கண்டதே இல்லையே."

"உங்க ஜீப் டீசல் சேர். டீசலுக்கு இது தேவையில்லை."

அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே அந்தப் பதில் எவ்வளவு கேவலமாகக் கேட்டிருக்கும் என்று தெரிந்தது. ஆனால் அதுதான் உண்மை. அவர் ஜீப் மட்டும் பெட்ரோலில் ஓடியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"உம்மை எனக்குத் தெரியும்," என்றார். "அந்தப் பையனை எனக்குத் தெரியாது. இளம் வயது. ஆறு மாதத்துக்கு முந்தித்தான் வந்திருக்கிறான். லைட் என்றால் லைட்டைக் கொண்டு வாரும். பலகையில் வைத்துப் பார்க்கிறேன். மூன்று நாளில் வராவிட்டால் கொழும்புக்கு அனுப்ப வேண்டியதுதான்."

கொழும்புக்கு அனுப்பினால் திரும்பி வருவது நிச்சயமில்லை என்று எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். சிவாவைப் பார்க்கவிடவில்லை. உள்ளே எங்கேயோ யாரோ இருமினார்கள். அது அவன்தானா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு வந்தேன்.

கடுகண்ணாவை

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் கடுகண்ணாவைக்குப் போனேன். பயம் விட்டுப்போயிருந்தது. லைட்டை வாங்குவது, திரும்பி வருவது, காட்டுவது, பகல் சாப்பாட்டுக்கு சிவா வீட்டில். பஸ்ஸில் கொஞ்சம் தூங்கினேன் என்றுகூட நினைவு.

விமலசேன ஒரு லொறிக்குக் கீழே படுத்திருந்தான். காலை வைத்து அடையாளம் கண்டு கூப்பிட்டேன். வெளியே வந்தான். பொலிஸ், பலகை, சிவா, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். கை சுத்தமானபிறகும் துடைத்தான்.

"எந்த லைட்?" என்றான்.

"டைமிங் லைட்டப்பா. போன வாரம் கொண்டுவந்தியே."

"நான் கொண்டுவரவில்லை, ராமையா. உனக்கு யாரோடோ மாறிவிட்டது."

நான் சிரித்தேன், பகிடி விடுகிறான் என்று. அவன் சிரிக்கவில்லை. லொறிக்காரர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். விமலசேன திரும்ப லொறிக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டான்.

அந்த இரண்டு கால்களைப் பார்த்தபடி நின்றேன். கராஜ் எரிந்தபோது நான் அதிர்ந்தேன். ஆனால் அதைச் செய்தவர்களை எனக்குத் தெரியாது. இது விமலசேன. இவன் வீட்டுச் சோறு என் உடம்பில் இருக்கிறது. பேயறைந்தவன் மாதிரி நடந்து வந்து பஸ் ஏறினேன்.

கண்டிக்கு வந்ததும் தெரிந்த கராஜ்களில் ஓடித் திரிந்தேன். ஒரு இடத்தில் வேறொரு டைமிங் லைட் கிடைத்தது. புது மாதிரி, பிளாஸ்டிக். இப்படி ஒரு சாமான் உலகத்தில் உண்டு என்றாவது காட்டலாமே என்று கொண்டு போனேன். பொறுப்பதிகாரி அதை வாங்கிப் பலகையில் வைத்தார். குழல் இரண்டு அங்குலம் குட்டை. கைப்பிடி வேறு பக்கம் சாய்ந்தது.

"உம்முடைய கோடு எல்லாம் சரியாக இருக்கிறதே, பாஸ். மற்றச் சாமான் எல்லாம் அச்சாகப் பொருந்தித் தொங்கியதை என் ஆட்கள் உம் வீட்டிலேயே பார்த்திருக்கிறார்கள். இது பொருந்தவில்லை. அப்படியென்றால் இது இல்லை."

மூன்றாம் நாள் முழுக்க பொலிஸ் வாசலில் நின்றேன். பாக்கியம் சோற்றுப் பொட்டலத்தோடு பக்கத்தில் நின்றாள். அதை யாரும் உள்ளே எடுத்துப் போகவில்லை.

பத்திரிகையில் சுற்றிய பொட்டலம்

நான்காம் நாள் காலை பத்து மணிபோல விமலசேன வந்தான். வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, கல்யாண வீட்டுக்குப் போகிறவன் மாதிரி வந்தான். கையில் பத்திரிகையில் சுற்றிய பொட்டலம். என்னைப் பார்க்காமல் நேரே உள்ளே போனான்.

லைட் பலகையில் உட்கார்ந்தது. கோடு தெரியாமல் உட்கார்ந்தது. பொறுப்பதிகாரி விசையை இரண்டு மூன்று தரம் அழுத்திப் பார்த்தார். பேட்டரி இல்லாமல் அது எரியாது என்று சொல்ல வாயெடுத்துவிட்டு மூடிக்கொண்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

வெளியே வந்து விமலசேன மதிலோரம் நின்றான்.

"என் அண்ணனைக் கொண்டு போனது தெரியுந்தானே," என்றான். அரசாங்கம் சிங்களப் பையன்களைக் கூட்டங்கூட்டமாகப் பிடித்த அந்த இரண்டு வருடத்தைச் சொன்னான். "யாரோ ஒருவன் அவன் பெயரைச் சொன்னான், அவ்வளவுதான். நீ பொலிஸ் என்றதும் எனக்கு வாய் தானாகப் பொய் சொல்லிவிட்டது. இரண்டு இரவாக லைட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ராமையா."

நான் அவனைக் கட்டிப் பிடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "வந்தியே," என்றேன்.

பகல் சிவாவை விட்டார்கள். நடக்கும்போது ஒரு காலை இழுத்தான். இடது கை விரல்களை மடக்க முடியவில்லை. பாக்கியம் அவன் சட்டையைக் கழற்றிப் பார்த்துவிட்டு, குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒரு பெயர்

இரண்டு நாள் சிவா பேசவில்லை. மூன்றாம் நாள் தேத்தண்ணி குடிக்கும்போது அவனாகவே ஆரம்பித்தான்.

"மச்சான், நான் ஒரு பேரு சொல்லிட்டேன்."

"என்ன பேரு?"

"துவக்க யாருகிட்ட குடுத்தேன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. இல்லைன்னு சொன்னா அடி. ரெண்டாவது நாளு முடியல மச்சான். கணேசன்கிட்ட குடுத்தேன்னுட்டேன்."

"எந்தக் கணேசன்?"

"கடையில என்கூட நின்னவன். பன்விலக்காரன். அவன்தான் குவைத்துக்குப் போயிட்டானே, அதுக்கு முந்துன கெழமயே. பிளேன் ஏறிப் போனவன யாரு புடிக்கிறது? ஒருத்தருக்கும் கெடுதி வராத பேரா யோசிச்சு எடுத்தேன்." அந்த வீங்கிய முகத்தில் லேசான ஒரு சிரிப்பு வந்தது. மூன்று நாளில் தான் செய்த ஒரே கெட்டிக்கார வேலை அது என்று நினைத்திருந்தான்.

"நல்ல வேலை செஞ்ச," என்றேன். வாயால் சொன்னேன். அவன் முதுகைக்கூடத் தட்டிக் கொடுத்தேன்.

மறுநாள் புடவைக் கடைக்குப் போனேன், சிவா வேலைக்கு வர இன்னும் நாளாகும் என்று சொல்ல. முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். கணேசனுடைய பயணம் தள்ளிப் போயிருந்தது. ஏஜென்சிக்காரர்கள் இரண்டு வாரம் பொறுக்கச் சொல்லியிருந்தார்கள். கடையில் எல்லாரிடமும் விடை வாங்கிக்கொண்டு போன வெட்கத்தில் யாருக்கும் சொல்லாமல் வீட்டில் இருந்திருக்கிறான். தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கடையின் புதுத் துணி வாசனை என் மூக்கில் ஏறியது. சொல்ல வந்ததைச் சொல்லாமலே வெளியே இறங்கினேன்.

பொலிஸுக்கு ஓடினேன். "லைட்தான் கிடைச்சுதே சேர், துவக்கே இல்லையே, அந்தப் பையன விடுங்க," என்று கெஞ்சினேன். பொறுப்பதிகாரிக்கும் முகம் சரியில்லை. "பாஸ், அவனைப் பிடித்தது வேறு ஆட்கள். கடுதாசி கொழும்புக்குப் போய்விட்டது. இப்போது என் கையில் இல்லை," என்றார். லைட்டை எனக்குத் திருப்பித் தந்தார். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

பதினான்கு மாதம் கழித்து கணேசன் உயிரோடு திரும்பினான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாசிப்பவர்களைத் தவிக்க விடுவதில் எனக்கு விருப்பமில்லை. குவைத்துக்கு அவன் போகவே இல்லை. சிவாவிடம் நான் மூன்று வாரம் இதைச் சொல்லவில்லை. சொன்ன நாளிலிருந்து இன்றுவரை அவன் யார் பெயரையும் முழுதாகச் சொல்லிக் கூப்பிட்டதை நான் கேட்டதில்லை. "இந்தா", "அவரு", "நம்ம ஆளு" என்பதோடு சரி.

பன்வில

அந்த ஞாயிற்றுக்கிழமை வத்தேகம வழியாக பன்விலைக்கு பஸ் ஏறினேன். கணேசனுக்குத் தகப்பன் இல்லை. தாய் மட்டும்தான், மாரியாயி என்று பெயர், தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதைத் தயார் செய்துகொண்டு போனேன். உங்கள் மகனிடம் துவக்கு இல்லை, யாரிடமும் இல்லை, அது கார் பார்க்கிற லைட், தப்பு என்னுடையது. பெற்ற மனதுக்கு அது ஒரு ஆறுதலாக இருக்கும் என்று நம்பினேன்.

லயத்துக்குப் பின்னால் அவளுடைய தோட்டத் துண்டில் இருந்தாள். போஞ்சிக் கொடிகள் கம்போடு பிடுங்கி ஒரு பக்கம் குவிந்திருந்தன. முள்ளங்கிப் பாத்தி இருந்த இடம் இடுப்பளவு பள்ளம். அதற்குள் நின்று மம்பட்டியால் வெட்டிக்கொண்டிருந்தாள். ஈர மண் அவள் முழங்கை வரை அப்பியிருந்தது. லயத்து ஆட்கள் தூர நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கிட்டே வரவில்லை.

சிவாவின் மச்சான் என்று சொன்னேன். கோபப்படுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் பள்ளத்திலிருந்து அவசரமாக ஏறி வந்தாள்.

"வாங்கய்யா. எம் மகன் எந்த எடத்துல பொதச்சான்னு ஒங்க மச்சானுக்குத் தெரியுங்களா? அஞ்சு நாளாத் தோண்டுறேன். அடுப்படியயும் தோண்டிட்டேன். துவக்கக் கொண்டாந்து குடுத்துட்டு மகன கூட்டிட்டுப் போன்னு சொல்லியிருக்காங்க."

நான் பலகையில் பென்சிலால் வரைந்த ஒன்றை இந்த மனுஷி மண்ணுக்குள் தேடிக்கொண்டிருக்கிறாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். பலகை, லைட், சிவா வாங்கிய அடி, அவன் யோசித்து எடுத்த பெயர். கடைசியில் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். மண் இன்னும் பரவியது.

"அப்ப துவக்குன்னு ஒன்னு இல்லவே இல்லீங்களா?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

அவள் முகம் தெளியும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அதுவரை இருந்த தெம்பெல்லாம் அந்த முகத்தைவிட்டுப் போனதைத்தான் பார்த்தேன்.

"இல்லைன்னா, நான் எதக் குடுத்துங்க அவன வாங்கிட்டு வர்றது?"

மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு, இன்னும் தோண்டாமல் விட்டிருந்த கறிவேப்பிலை மரத்தடிக்குப் போனாள்.